நான்கு நாட்டு பார்களும் ஒரு காதும்

எனக்கு வயது முப்பத்துமூன்று. ஓய்வுபெற்று எட்டு மாதமாகிறது. எங்கள் மன்னார்த் தீவுப் பள்ளிமுனையில் இதைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். எங்கள் அயல்வீட்டில் முன்னாள் தபாலதிபர் ஒருவர் இருக்கிறார். "நான் முப்பத்தாறு வருசம் முத்திரை குத்திப்போட்டுத்தான் வீட்டில இருக்கிறன். நீ என்னத்தைக் குத்தினனீ?" என்று வேலிக்கு மேலால் கேட்டார். "ஐஸ் குத்தினனான் ஐயா" என்றேன். பொய்யில்லை. கொழும்பு, டுபாய், மால்டா, டோக்கியோ என்று பன்னிரண்டு ஆண்டுகள் பார்களிலும் இரவு கிளப்புகளிலும் கவுண்டருக்குப் பின்னால் நின்று, குடிவகைகளைக் கலந்து, ஐஸ் உடைத்துப் பிழைத்தவன் நான்.

இப்போது பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். போன கிழமை அங்கே எங்கள் தெரு ஜெனிற்றாவும் அவளோடு ஹோட்டல் பயிற்சி முடித்த எருக்கலம்பிட்டிப் பெடியன் றஸ்மியும் வந்தார்கள். இருவருக்கும் டுபாயில் ஒரே ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது. ஜெனிற்றாவுக்குக் கிளப்பில், றஸ்மிக்குக் காலைச் சாப்பாட்டு மண்டபத்தில்.

"அண்ணை, கிளப் எண்டுறது எந்த நாட்டிலயும் ஒண்டுதானே? லைற், பாட்டு, சனம்" என்றாள் ஜெனிற்றா.

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துத் தலைமன்னார் பஸ் வந்து நின்றது. பன்னிரண்டு பேருக்கு ஜூஸ் அடித்து முடிக்க இருவரும் போய்விட்டார்கள். அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் என் இடக்காது போனது. அதைத் தொடர்ந்து வேலையும் போயிருக்க வேண்டும். எப்படிப் போகவிருந்தது, ஏன் போகவில்லை என்று சொன்னால் மற்றதெல்லாம் தானாக வரும்.

அப்பாவின் வள்ளத்தில் இருந்து தொடங்க வேண்டும். அப்பா பின்னால் இருந்து எஞ்சினைப் பிடிப்பார். நான் முன்னணியத்தில் நின்று கடலைப் பார்ப்பேன். எஞ்சின் போடும் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்கள் இருவருக்கும் கைப்பாஷை ஒன்று இருந்தது. உள்ளங்கையை விரித்து மெல்லத் தாழ்த்தினால் எஞ்சினைக் குறை. இரண்டு விரல் என்றால் வலையின் மிதவை தெரிகிறது. உச்சந்தலையில் கை வைத்தால் உடனே நிறுத்து, கீழே பார். அந்தப் பாஷையில் நான் கெட்டிக்காரன். மற்றக் கடல் வேலை எதற்கும் சரிவரவில்லை. பத்தொன்பது வயதுவரை கரையை விட்டு அரை மணித்தியாலத்தில் வாந்தி எடுத்தேன். "இவன் மீனுக்குச் சாப்பாடு போடத்தான் வாறவன்" என்பார் அப்பா. கொழும்பில் ஹோட்டல் பயிற்சி ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவரே பயணப்பையை எடுத்துத் தந்தார்.

பயிற்சி ஒரு வருடம். கண்ணாடிக் குவளையைத் துடைப்பதற்கே இரண்டு மாதம் போனது. அதற்குப் பிறகு கொழும்பு ஹோட்டல் பார் ஒன்றில் நின்றேன். அங்கே பெரும்பாலும் ஆண்கள். கந்தோர் முடிந்து வந்து, கழுத்துப்பட்டியைத் தளர்த்தி, சாராயமும் பொரித்த கோழியும் எடுப்பார்கள். சத்தம் வருவதென்றால் கிரிக்கெற்றில் விக்கெற் விழவேண்டும். பௌர்ணமி நாளில் மது விற்கத் தடை, போத்தல் அடுக்குகளைத் துணியால் மூடுவோம். எனக்கு அது பெரிய வியாழக்கிழமைக்குப் பிறகு கோவிலில் புனிதர்களின் சுரூபங்களை மூடி வைத்திருப்பது போலத் தெரியும். ஒருமுறை அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மேலாளர் சிரித்தார். போனில் கேட்ட அம்மா சிரிக்கவில்லை.

டுபாயில் கிளப் தெருவில் இராது. ஹோட்டலின் வயிற்றுக்குள் இருக்கும். லிப்ற்றில் இறங்கிப் போகவேண்டும். மேசை முதலே பதிந்திருக்கும். பெரிய போத்தல் வாங்கினால் அதன் தலையில் மத்தாப்பைக் கொளுத்தி, நாலு பேர் ஊர்வலமாகக் கொண்டுபோவோம். குடிப்பதை விட அந்த ஊர்வலத்தைப் படம் எடுப்பதற்குத்தான் ஆட்கள் வருவார்கள். குறித்த நேரம் வந்ததும் பாட்டு பாதியில் அறுபடும், எல்லா விளக்கும் எரியும். அவ்வளவு நேரமும் அரசகுமாரன் போல இருந்தவர் திடீரென்று சேட்டில் சோஸ் கொட்டியவராகத் தெரிவார். ஜெனிற்றா போகும் இடம் இதுதான். அந்த விளக்கு எரியும் கணத்தில் அவள் சிரித்துவிடக் கூடாது. நான் இரண்டு முறை சிரித்து இரண்டு முறையும் எச்சரிக்கைக் கடிதம் வாங்கினேன்.

பிறகு மால்டா. கடலுக்கு நடுவில் ஒரு சின்னத் தீவு. சனம் பேசும் பாஷையில் அரபு மாதிரிச் சொற்கள், ஆனால் எல்லோரும் கத்தோலிக்கர். இறங்கிய அன்றே எனக்கு அது இன்னொரு மன்னார் போலப்பட்டது. கிளப் தெருவுக்குப் போனதும் அந்த எண்ணம் மறைந்தது. ஒரே தெருவில் கிளப்புக்குப் பக்கத்தில் கிளப். கதவு திறந்தபடி. வாசலில் இளைஞர்கள் நின்று, எங்கள் மினிபஸ் கொண்டக்டர்மார் "வவுனியா, வவுனியா" என்று கையைப் பிடித்து இழுப்பதுபோலப் போகிற வருகிறவர்களை உள்ளே இழுப்பார்கள். பிளாஸ்ரிக் குவளை. காலை எடுத்தால் சப்பாத்து தரையில் நின்றுவிடும் அளவுக்குப் பிசுபிசுப்பு. சத்தமோ நெஞ்செலும்பில் இடிக்கும்.

அங்கே என் மேலாளர் கார்மென். அறுபது வயதுப் பெண். கறுப்புச் சேட்டின் கையை முழங்கைவரை மடித்திருப்பார். அவர் கத்தி நான் பார்த்ததில்லை. அந்தச் சத்தத்தில் கத்துவது வீண் என்று முப்பது வருடத்துக்கு முன்பே முடிவெடுத்தவர். முதல் நாள் என்னைக் கவுண்டரின் கோடியில், ஆளுயர ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். புதியவர்கள் அந்த இடத்தில் ஒரு மணித்தியாலமும் தாக்குப்பிடிப்பதில்லை, யார் என்ன கேட்கிறார்கள் என்றே விளங்காது.

எனக்கு விளங்கியது. வள்ளத்தில் நின்றவனுக்கு அது பழகின சத்தம். உதட்டைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். ஒரே நேரத்தில் ஆறு பேர் கேட்ட குடிவகையைக் கவனித்து ஆறையும் சரியாகக் கொடுத்தேன். கடைசியாக வந்தவன் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தான். மறுகோடியில் நின்ற கார்மெனைப் பார்த்து உள்ளங்கையை விரித்து மெல்லத் தாழ்த்தினேன். அவர் அதை ஒரு கணம் பார்த்தார். வந்து, அவனுக்குத் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்து, தோளில் கை போட்டு வெளியே காற்றுக்குக் கொண்டுபோனார்.

வேலை முடிந்ததும் கேட்டார்: "அந்தச் சைகையை எங்கே படித்தாய்?"

"கடலில்" என்றேன்.

இரண்டு கிழமையில் அங்கே வேலை செய்த ஒன்பது பேருக்கும் அப்பாவின் பாஷை பாடமாகிவிட்டது. மிதவை தெரிகிறது என்ற இரண்டு விரல், ஐஸ் முடிகிறது என்று ஆனது. உச்சந்தலையில் கை வைத்தால் காவலாளிகள் ஓடி வந்தார்கள். பாக்கு நீரிணையை விட்டு அறியாத ஒரு மனிதருடைய கைச்சைகையில் மத்தியதரைக் கடலில் ஒரு கிளப் ஓடியது. போனில் சொன்னபோது அப்பா, "அப்ப எனக்கும் சம்பளம் வருமோ?" என்று கேட்டார்.

பிழையும் அங்கேதான் நடந்தது. கார்மென் எல்லோருக்கும் காதில் வைக்கச் செம்மஞ்சள் நிறப் பஞ்சு அடைப்பான் கொடுப்பார். எனக்கும் தந்தார். நான் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். அப்பா சின்ன வயதில் இருந்து சொல்லிவந்தது ஒன்றுண்டு: "எஞ்சினின்ர சத்தத்துக்குக் காதைப் பொத்தாதை. அது சாகப்போறதை முதல் காதுக்குத்தான் சொல்லும்." அப்பா எந்தக் காலத்திலும் காதைப் பொத்தியவரில்லை. அந்த வாக்கை நான் ஒலிபெருக்கிக்கும் பொருத்திக்கொண்டேன். ஒலிபெருக்கி சாகப்போவதை அறிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது என்று யோசிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கார்மென் தன் காதைத் தொட்டு, போட்டாயா என்று கேட்பார். நான் தலையாட்டுவேன். மூன்று கோடைகாலம் அப்படித் தலையாட்டினேன். ஒலிபெருக்கி என் இடப்பக்கம் நின்றது.

முதலில் சில்வண்டு ஒன்று காதுக்குள் குடிவந்தது. தாங்கிக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் எடுத்தார். வலக்கையால் துணி காயப்போட்டுக்கொண்டு போனை இடக்காதில் வைத்தேன். சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று வைத்தேன். மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தேன். மூன்றாம் முறை வலக்காதில் வைத்தபோது அம்மா கொதித்துக்கொண்டிருந்தார்: "பூசை முடிஞ்ச கையோட எடுக்கிறன். பெத்த தாயின்ர கோலைக் கட் பண்ணுறியோ? அவ்வளவுக்குப் பெரிய ஆளோ நீ?"

"இல்லையம்மா, லைன் பிழை" என்றேன். போனை மாற்றி மாற்றி இரண்டு காதிலும் வைத்துப் பார்த்தேன். அம்மா ஒரு காதில் ஏசிக்கொண்டிருந்தார், மற்றதில் ஆளே இல்லை.

ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கு இருபத்தேழு வயது, இந்த வேலை உயிர். காது போன ஆளை யார் வைத்திருப்பார்கள்? சத்தமே இல்லாத இடத்துக்குப் போனால் காது தேறிவிடும் என்று நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டு, யப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்து, டோக்கியோ போனேன். இங்கேதான் என் கணக்கு முழுவதும் பிழைத்தது. இரைச்சலில் என் குறை ஒருவருக்கும் தெரியாது. அங்கே எல்லோருமே செவிடர். அமைதியில்தான் அது வெளிச்சமாகும்.

அங்கே எனக்கு வேலை தந்த ஒக்கமோத்தோ என்பவரின் பாரில் எட்டுக் கதிரைகள்தான். பெயர்ப்பலகை கிடையாது. படியேறி மூன்றாம் மாடிக்குப் போகவேண்டும். பின்னேரம் ஆறு மணிக்கே திறக்கும். வருபவர்கள் ஆலயத்தில் பேசுவது போலப் பேசுவார்கள். ஒக்கமோத்தோவுக்கு அப்போது எழுபது. வெள்ளை மேலங்கி. நாள்தோறும் மூன்று மணிக்கு வந்து, பெரிய ஐஸ் கட்டியை ரம்பத்தால் அறுத்து, கத்தியால் செதுக்கி, ஒவ்வொரு குவளைக்கும் அளவாகக் கண்ணாடி போல ஒரு துண்டு செய்வார். பள்ளிமுனையில் சாக்கைப் போர்த்து மரக்கட்டையால் அடித்து ஐஸ் தூளாக்கி மீன்பெட்டியில் கொட்டி வளர்ந்தவன் நான். முதல் நாள் அவர் கட்டியைக் காட்டி "செய்" என்றதும் அதைத்தான் செய்தேன். அவர் தூளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "எவ்வளவு மீன் வருகிறது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் பகிடி விட்டதில்லை.

அந்த இடத்தில் இரண்டு விதி. போத்தலின் முகப்பு எப்போதும் வந்தவரைப் பார்த்திருக்க வேண்டும். கேட்டதைத் திருப்பிச் சொல்லக் கூடாது. ஒருவர் என்ன குடிக்கிறார் என்பது பக்கத்துக் கதிரைக்குத் தெரியவேண்டியதில்லை, தலையை மெல்லத் தாழ்த்திவிட்டுச் செய். இரண்டாவது விதி எனக்கு வசதியாக இருந்தது. கவுண்டரின் வலக்கோடி என் இடம்; வலப்பக்கம் சுவர், ஆட்கள் எல்லாம் இடப்பக்கம். காது கேட்காவிட்டால் என்ன, உதட்டைப் பார்த்தேன், தலையைத் தாழ்த்தினேன். இரண்டு வருடம் ஓடியது.

பிறகு உலகம் முழுக்க முகக்கவசம் போட்டது. உதடுகள் மறைந்தன.

நொமுரா அம்மையார் மாதத்தில் இருமுறை வருவார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. எப்போதும் விஸ்கி, ஒரே ஒரு ஐஸ் துண்டு. அன்று ஆறேகாலுக்கு வந்து என் இடப்பக்கக் கதிரையில் இருந்தார். முகக்கவசத்துக்குள்ளால் ஏதோ சொன்னார். வழமையை விடக் கொஞ்சம் நீளமாகச் சொன்னது போலப்பட்டது. தலையைத் தாழ்த்தினேன். வழமையானதைச் செய்து வைத்தேன்.

அவர் குவளையை எடுத்து மணந்து பார்த்தார். கீழே வைத்தார். ஐஸ் கரைந்து முடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பணத்தை வைத்து, வணக்கம் சொல்லிப் போனார். அந்த ஊரில் குறை சொல்லமாட்டார்கள். அது இன்னும் மோசம். குவளை நிறைந்தபடி இருந்தது.

அவரைப் படிவரை வழியனுப்பிவிட்டு ஒக்கமோத்தோ வந்து குவளையைப் பார்த்தார். "அவர் என்ன சொன்னார்?"

"வழமையானது" என்றேன்.

"படியில் என்னிடம் சொன்னார். இன்று முதல் புது மருந்து, மது ஒரு சொட்டும் ஆகாது, இஞ்சி வெந்நீர் தரச் சொன்னேன் என்றார்." அவர் குரல் உயரவில்லை. "மணந்து பார்க்காமல் குடித்திருந்தால்?"

அவர் போத்தல்களைத் துடைக்கத் தொடங்கினார். பிறகு என் இடப்பக்கம் வந்து நின்று துடைத்தார். ஏதோ கேட்டமாதிரி இருந்தது. நல்ல பிள்ளையாக "ஓம், மிக்க நன்றி" என்று தலையைத் தாழ்த்தினேன்.

அவர் எனக்கும் சுவருக்கும் இடையில் புகுந்து வலப்பக்கம் வந்தார். "நான் சொன்னது, நாளையில் இருந்து நீ வேலைக்கு வரவேண்டாம் என்று. நீ நன்றி சொல்கிறாய்."

அதற்கு மேல் ஒளிக்க ஒன்றுமில்லை. ஒலிபெருக்கி, செம்மஞ்சள் அடைப்பான், அப்பாவின் எஞ்சின், அம்மாவின் போன் எல்லாம் சொன்னேன். என் உடைந்த யப்பானிய மொழியில் எஞ்சினுக்கும் அப்பாவுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்குமோ தெரியாது. அவர் கேட்டுவிட்டு, "காது கேட்காதது குற்றமில்லை. கேட்காமல் தலையாட்டினாயே, அது" என்றார். "திங்கட்கிழமை மூன்று மணிக்கு வா." ஞாயிறும் திங்களும் பாருக்கு விடுமுறை. என் சாமான்களை எடுத்துப்போகத்தான் கூப்பிடுகிறார் என்று எண்ணி, பையோடு போனேன்.

கதவைத் திறந்ததும் இடம் மாறி வந்துவிட்டேனோ என்று தோன்றியது. போத்தல் அடுக்கு முழுவதும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலமாக மாறியிருந்தது. ஐஸ் பெட்டி இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு. கத்திகள், துவாய்கள், கலக்கும் கரண்டிகள் எல்லாம் அப்படியே. எழுபத்திரண்டு வயது மனிதர் ஞாயிறு முழுவதும் தனியாக இதைச் செய்திருக்கிறார். கவுண்டரின் இடக்கோடி அவர் முப்பத்தைந்து வருடமாக நின்ற இடம். அங்கே நின்றால் ஆட்கள் எல்லோரும் வலப்பக்கம் வருவார்கள். தரைப்பலகை அவருடைய இரண்டு பாத அளவில் தேய்ந்து பள்ளமாக இருக்கும். அதைக் காட்டி, "நில்" என்றார். தானே போய் என் மூலையில், சுவரோடு நின்றுகொண்டார்.

நின்றேன். என் கால் அவருடையதை விடப் பெரிது. பள்ளத்தில் முழுவதும் இறங்கவில்லை.

செவ்வாய் ஆறு மணிக்கு வந்த வழமையான ஆட்கள் தடுமாறிப்போனார்கள். ஒக்கமோத்தோவுக்கு முன்னால் இருந்து பழகியவர்கள் எழுந்து மறுகோடிக்குப் போக, அங்கே இருந்தவர்கள் இங்கே வர, எட்டுக் கதிரைக்குள் ஒரு ஊர்வலம். ஒக்கமோத்தோ பழைய பழக்கத்தில் போத்தலுக்குக் கை நீட்டினார், வெறும் சுவர். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன், வலக்காதால் தெளிவாக. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இந்த ஆள் இனிக் கேட்டதைத் திருப்பிச் சொல்வார். மன்னித்துக்கொள்ளுங்கள்." முப்பத்தைந்து வருட விதியும் அன்றோடு போனது.

நொமுரா அம்மையார் அடுத்த மாதம் வந்தார். எனக்கு முன்னால் இருந்தார். அவர் சொன்னதை நான் மெல்லத் திருப்பிச் சொன்னேன்: "இஞ்சி வெந்நீர், தேன் குறைவாக." அவர், ஒரு மாணவன் கணக்கைச் சரியாகப் போட்டதுபோலத் தலையசைத்து, முழுவதையும் குடித்தார்.

அந்த இடத்தில் நாலு வருடம் நின்றேன். ஒக்கமோத்தோ எழுபத்தாறு வயதில் பாரை மூடினார். கடைசி நாள் விளக்கை அணைத்துவிட்டு, "இன்றோடு நாம் இருவரும் ஓய்வு" என்றார். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். பெரியவர் சொன்னதை மறுக்காமல் ஓய்வுபெற்ற நிலையிலேயே ஊருக்கு வந்தேன்.

ஜெனிற்றா நேற்றுத் திரும்பவும் கடைக்கு வந்தாள். மேசை லாச்சியில் இருந்து செம்மஞ்சள் அடைப்பான் பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"உதைப் போட்டா ஆக்கள் கேக்கிறது கேக்காதே அண்ணை. பிறகு நான் என்னெண்டு வேலை செய்யிறது?"

மால்டாவில் எனக்கு இருந்ததுபோல இவளுக்கும் போடாமல் விட ஒரு காரணம். நான் பதில் சொல்ல முதல் அவளே இரண்டையும் காதில் திணித்துக்கொண்டு றஸ்மியைப் பார்த்தாள். "என்னவும் சொல்லு பாப்பம்."

றஸ்மி மூன்றடி தள்ளி நின்று, "உனக்கு டுபாயில சம்பளம் கிடைக்காது, உன்ர சமையலைச் சாப்பிட்டா வேலையால நிப்பாட்டிப் போடுவாங்கள்" என்றான்.

அவள் கையில் இருந்த பையால் அவனுக்கு ஒன்று போட்டாள். "வடிவாக் கேக்குது அண்ணை" என்றாள் என்னைப் பார்த்து. பெட்டியைத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

இவ்வளவும் எழுதிவிட்டு வீட்டில் செய்த ஒரு வேலையை மறைக்க முடியாது. அப்பாவின் வலக்காது போய் எத்தனையோ வருடம். எஞ்சின் அந்தப் பக்கம்தான் இருந்தது. அவருடைய கதிரை விறாந்தை மூலையில் இருக்கும், வலப்பக்கம் குசினிக் கதவு. அம்மா அந்தக் கதவில் நின்றுதான் எல்லாம் சொல்வார். "இந்த மனிசனுக்கு ஒண்டும் ஏறாது" என்பதோடு முடிப்பார். ஒக்கமோத்தோவை நினைத்துக்கொண்டு, போன வெள்ளிக்கிழமை நான் கதிரையை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். இப்போது குசினி அப்பாவின் இடப்பக்கம்.

பின்னேரம் அம்மா வழமைபோலக் கதவடியில் நின்று வெங்காயம் உரித்தபடி தன்பாட்டில் சொன்னார்: "மடுமாதா திருநாளுக்குப் போடச் சேட் வாங்கிக் குடுத்தா, அதைப் போட்டுக்கொண்டு வலை தைக்கிறார். ராவில குறட்டை எண்டா நாப்பது குதிரை எஞ்சின். தாய் வளர்த்த வளர்ப்பு."

அப்பா தலையை நிமிர்த்தினார். "என்ர அம்மாவைப் பற்றி என்ன சொன்னனீ?"

வெங்காயம் ஒன்று கீழே உருண்டது. அம்மா என்னைப் பார்த்தார். "ஒண்டுமில்லை" என்றார். பிறகு, "முப்பது வருசமாச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார்.

சனிக்கிழமை காலை எழும்பிப் பார்த்தால் கதிரை பழைய மூலையில் இருந்தது. அப்பாதான் வெட்கப்பட்டு மாற்றிவிட்டார் என்று எண்ணி மறுபடி தூக்கப் போனேன். அம்மா அகப்பையோடு வந்து நின்றார்.

"வை அதை. நான்தான் மாத்தினனான். எனக்கும் மனம்விட்டுக் கதைக்க ஒரு இடம் வேணும்."

அப்பா அவ்வளவு நேரமும் வாசற்படியில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல், உள்ளங்கையை விரித்து மெல்லத் தாழ்த்தினார்.

எஞ்சினைக் குறைத்தேன், கதிரையை அந்த மூலையிலேயே விட்டேன். தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய் அவருடைய இடப்பக்கத்தில், என் வலக்காது அவர் பக்கம் வர, இருந்தேன்.